தொட்டால் மட்டும் தெரிந்த கிழிசல்

எங்கள் வீட்டில் நல்ல சேலை என்று ஒன்றுதான் இருந்தது. அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று.

எழுபதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியில், அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் நிறுவை பார்த்தார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துவிட்டாள். என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியாது. வருத்தப்பட்டாளா என்று நான் கேட்டதும் இல்லை.

துணி வாங்குவதில் அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. முதல் தடவை கடைக்குப் போனால் பார்க்க மட்டும் செய்வாள். ஒரு வாரம் கழித்து மறுபடி போவாள். மூன்றாம் தடவையும் அதே துணி மனதில் நின்றால்தான் வாங்குவாள். "மூணு தடவை வேணும்னு தோணாதது வேண்டாததுதான்," என்பாள். துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பாள். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பாள். கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். எங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "இந்தக் குட்டி துணி வாங்க வரல. என் கடையைப் பரிசோதிக்க வருது," என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அக்கா கேட்டால் மடித்து வைத்த துணியையெல்லாம் மறுபடி பிரித்துக் காட்டுவார்.

அந்த அரக்கு நிறச் சின்னாளப்பட்டிச் சேலையை ஒரு தீபாவளிக்கு அப்படித்தான் வாங்கினோம். இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்க வழியில்லை. "ரெண்டு மட்டமானது வாங்குறதுக்கு ஒண்ணு நல்லதா வாங்கிடலாம்பா," என்று அக்காதான் அப்பாவிடம் சொன்னாள்.

மட்டாஞ்சேரியில் துணியைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. காற்றில் உப்பு. கிணற்றுத் தண்ணீரில் துவைத்தால் வெள்ளை பழுப்பாகிவிடும். மழைக்காலத்தில் ஈரத்தோடு ஒரு நாள் சுருட்டி வைத்தால் போதும், கரிம்பன் அடித்துவிடும். மிளகைத் தூவியதுபோலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், எதைப் போட்டாலும் போகாது. அதனால் அக்கா கூரை ஓரத்தில் அண்டாவை வைத்து மழைத் தண்ணீர் பிடிப்பாள். நல்ல துணிக்கு அந்தத் தண்ணீர்தான். சேலையை அடிக்கடி நனைக்கக் கூடாது, நனைந்தால் அந்தச் செயற்கைப் பட்டு நூலுக்குப் பலம் போய்விடும் என்பாள். கட்டி அவிழ்த்ததும் நிழலில் காற்றாட விட்டு, பிறகுதான் தகரப் பெட்டிக்குள் வைப்போம். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பை மாற்றுவோம். அப்பாவின் வேட்டி நடுவில் நைந்துபோனால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, உறுதியாக இருக்கும் கரைகளை நடுவுக்குக் கொண்டுவந்து இணைப்போம். சட்டைக் காலர் பிய்ந்தால் பிரித்துத் திருப்பித் தைப்போம்.

தைப்பது என் வேலை. வாங்குவதில் அக்காவுக்குக் கண் என்றால், ஊசியில் எனக்குக் கை. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பழைய துணிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் வந்தது. என் ஜாக்கெட்டுகளில் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருப்பேன். பாவாடை குட்டையானால் வேறு துணியில் ஒரு பட்டை சேர்ப்பேன். அது முதலிலிருந்தே அப்படி இருந்ததுபோலத் தோன்ற வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது அக்காவை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் அந்த அரக்குச் சேலைதான். நான்காவதாக ஆலுவாவிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தரகர் சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. அம்மாவும் ஒரே பையனும். நல்ல இடம்.

அந்த வாரம் வியாழக்கிழமை கும்பளங்கியில் என்னோடு படித்த பெண்ணுக்குக் கல்யாணம். நான் பாவாடை தாவணியில் போகிறேன் என்றுதான் சொன்னேன். அக்கா பெட்டியைத் திறந்தாள்.

"இதைக் கட்டிட்டுப் போ."

"ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேணுமே."

"அதுக்கு மூணு நாள் இருக்கு. கூட்டாளி கல்யாணத்துக்கு ஒட்டுப் போட்ட பாவாடையிலயா போவே?"

பஸ்ஸில் போய், பிறகு படகில் காயலைத் தாண்ட வேண்டும். போகும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கவனமாக இருந்தேன். திரும்பும்போது பேச்சுச் சுவாரசியத்தில் மறந்துவிட்டேன். படகின் விளிம்பில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. எழுந்தபோது முந்தானை இழுபட்டது. துணி கிழியும் சத்தம் கேட்டது. தோளுக்கு ஒரு சாண் கீழே, முதுகுப் பக்கம், ட எழுத்துப்போல ஒரு கிழிசல். அப்போது எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது, பள்ளியில் படித்தது மலையாளம். பிற்பாடு தமிழ் எழுதிப் பழகியபோது அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் என் கை ஒரு கணம் நின்றது.

அக்கா சேலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உனக்கு எங்கயும் கிழிக்கலயே?" என்றாள்.

"இல்ல."

"அப்ப சாரமில்லடி, போகட்டும். ரெண்டு நாள் இருக்கு. தைச்சிரு."

இரண்டு பகல் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தேன். இடுப்பில் செருகும் உள்தலைப்பிலிருந்து அதே சேலையின் நூலை ஒவ்வொன்றாக உருவினேன். மெல்லிய ஊசியில் கோத்து, நீளவாக்கில் பாவு எங்கே போகிறதோ அங்கே பாவாக, குறுக்கே ஊடு எங்கே போகிறதோ அங்கே ஊடாக விட்டேன். இழுத்தால் சுருங்கும், தளர்ந்தால் தொங்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக வேறு எதையும் நான் செய்ததில்லை. முடிந்ததும் அக்காவிடம் கொடுத்தேன். எங்கே கிழிந்திருந்தது என்று அவள் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித்தான் கண்டுபிடித்தாள். அன்று அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். நான் சமையலறையில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு பையனின் அம்மாவை விழுந்து வணங்கினாள். அந்த அம்மாள் ஆசீர்வாதம் செய்ய அக்காவின் முதுகில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை. அதே இடத்தில் விரல் திரும்பத் திரும்பப் போவதைக் கதவிடுக்கில் நான் பார்த்தேன்.

"இது கிழிஞ்சதா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. "ஆமா. என் தங்கச்சி தைச்சது. பார்த்தாத் தெரியாது, தொட்டாத்தான் தெரியும்," என்றாள். அவள் குரலில் இருந்தது பெருமை.

"தங்கச்சியக் கூப்பிடு."

பட்டை சேர்த்த பாவாடையில், கையில் சாயாத் துணியோடு நான் போய் நின்றேன். அந்த அம்மாள் என்னை அருகே வரச் சொல்லி, குனிந்து பாவாடையின் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். தாவணியின் ஓரத்தைப் பார்த்தார். அப்பாவின் சட்டைக் காலரைக் காட்டி, "இதுவும் நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பையன் தலைகுனிந்து சாயாக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை தரகர் வந்தார். சங்கடத்தோடு, "அவங்களுக்குச் சின்னவளைத்தான் பிடிச்சிருக்காம்," என்றார்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மூத்தவ இருக்கும்போது அது எப்படிங்க?" என்றார்.

"நான் சொல்லிப் பார்த்துட்டேன். புதுசு வாங்கிக் கட்டுற பொண்ணு எங்கயும் கிடைக்கும், இருக்கறதைக் காப்பாத்துறவதான் எனக்கு வேணும்னு அந்தம்மா சொல்றாங்க. நாலு இடம் வந்து போயாச்சு. ஒண்ணாவது ஆகட்டுமே."

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சரின்னு சொல்லுங்கப்பா. அவளாவது போகட்டும்," என்றாள்.

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேண்டாம் என்றும் ஒரு தடவை சொன்னேன், மெல்லிய குரலில். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கைவேலையைப் பார்த்து, என்னைத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்ன சந்தோஷம். இதை எழுதாமல் விட்டால் நான் எழுதும் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

கல்யாணச் சேலை வாங்க அக்காதான் என்னோடு வந்தாள். கடைக்காரர் சேலைகளை விரித்துப் போட்டார். அக்கா மேலே இருந்த சிவப்புச் சேலையைத் தொட்டு, "இதைக் கட்டிக் குடுங்க," என்றாள்.

"என்ன, இன்னிக்கு ஈரக் கைக்குட்டை கொண்டுவரலியா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"வேண்டாம்."

"அக்கா, வெளிச்சத்துல பார்க்கலயே," என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். அவள் முதல் தடவையிலேயே ஒரு துணியை வாங்கி நான் பார்த்தது அன்றுதான். கல்யாணத்தன்று வியர்வையில் அந்தச் சாயம் இறங்கி என் இடுப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. அக்கா அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தபடி நின்றாள். தங்கைக்கு முதலில் ஆகிவிட்டதே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதிலும் சொன்னாள்.

ஆலுவாவுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அத்தை ஒரு பெரிய கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கிழிந்த தலையணை உறைகள், பனியன்கள், வேட்டிகள், இறந்துபோன மாமனாரின் சட்டைகள்கூட. "ஒவ்வொண்ணா எடு. அவசரமில்ல," என்றார். கூடை காலியாவதற்குள் உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து வேறு மூட்டைகள் வந்தன. மருமகள் கைவேலையை அத்தை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கடையில் பருப்பு அளப்பேன், மீதி நேரம் தைப்பேன்.

அந்த வீட்டில் இல்லாமை ஒன்றும் இல்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஓர் ஓணத்துக்கு அத்தை தன் பீரோவைத் திறந்தார். கட்டாத சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. இருபது வருஷம் முந்தியவைகூட இருந்தன. ஒன்றை எடுத்து எனக்குக் கொடுக்க விரித்தார். மடிப்போடு மடிப்பாக அது இற்றுக் கிழிந்தது. இன்னொன்றும் அப்படியே. கீழே இருந்தவற்றில் கரிம்பன். அத்தை இற்ற ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த இரண்டையும் என் கையில் கொடுத்து, "இதைத் தைக்க முடியுமா பாரு," என்றார். மடிப்பில் இற்றதைத் தைக்க முடியாது. ஊசி போகும் இடமெல்லாம் பொடியும். அதைச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் கணவர் நல்லவர். அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு என்னைப் பார்த்ததும் உங்களுக்குப் பிடிச்சுதா?"

அவர் பொய் சொல்லப் பழகாதவர். சாக்குக் கயிற்றை முறுக்கிக்கொண்டே, "அன்னிக்கு நான் உங்க அக்காவைத்தான் பார்த்தேன். பிடிச்சுது. திரும்பி வர்ற வழியிலேயே அம்மா உன்னைச் சொல்லிட்டாங்க. அம்மா சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்ப எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றார்.

ஒரு வாடிக்கையாளர் வந்தார். சர்க்கரை கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று அன்றோடு அடங்கிவிட்டது.

எனக்குப் பிறகு அக்காவைப் பார்க்க யாரும் வரவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு மூத்தவளை வைத்திருக்கிறார்கள் என்றால் மூத்தவளிடம் ஏதோ குறை என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். கிடங்குத் தூசியில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, அக்கா இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் நான் மட்டாஞ்சேரிக்குப் போனேன். கொடியில் துணிகள் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் கரிம்பன். அண்டாவில் கொசு. அக்கா கட்டியிருந்த நைலான் சேலையில் கிழிந்த இடங்களில் ஊக்குக் குத்தியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், ஐந்து ஊக்கு.

"அவிழ்த்துக் குடு அக்கா. சாயங்காலத்துக்குள்ள தைச்சுத் தர்றேன்."

"எதுக்கு? ஊக்கு இருக்குல்ல."

"ஊக்குக் குத்தினா கிழிசல் பெருசாகும்."

"பெருசாகட்டும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துத் தோலுரிந்திருந்தன. நான் பையிலிருந்து ஊசி நூலை எடுக்கவே இல்லை.

அடுத்த மழையில் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து ஆலுவாவுக்குத் திரும்பியதும் அத்தை என்னிடம் ஒன்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி.

"உங்க அக்கா அங்க தனியா என்ன செய்வா? இங்க வந்து இருக்கட்டுமே. கடைக்கும் ஒத்தாசையா இருக்கும்."

என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார்.

"அவ வரமாட்டா அத்தை," என்றேன். "அவளுக்கு அந்த ஊரை விட்டு வர மனசில்ல."

அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. அத்தை கேட்டதையும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு இருந்தது பயமா, பொறாமையா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். எந்தப் பெயர் வைத்தாலும் அது நான் செய்ததுதான்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வடக்கே கடலோரத்தில் ஏதோ ஊரில் இறால் கம்பெனிக்கு ஒரு காண்டிராக்டர் பெண்களைக் கூட்டிப் போவதாகவும், தானும் போவதாகவும், ரயில் ஆலுவாவில் நிற்கும் என்றும் மலையாளத்தில் எழுதியிருந்தாள். வீட்டை ஒழித்துக் கொடுத்தாகிவிட்டதாம்.

நான் நான்கு நாளில் ஆறு ஜாக்கெட்டும் இரண்டு உள்பாவாடையும் தைத்தேன். அளவு கேட்கவில்லை. அக்காவின் பழைய அளவில் தைத்தேன். மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். என் கணவரும் வந்தார். பகல் வண்டி. ஒரு பெட்டி நிறையப் பெண்கள், பெரும்பாலும் இருபது வயதுக்காரிகள். ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு தெரிந்தது. நான் தைத்தது எதுவும் அவளுக்குச் சரியாக இருக்காது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எப்ப திரும்பி வருவே?"

"ஒரு வருஷம்னு சொல்றாங்க. பார்க்கலாம்."

மூட்டையை ஜன்னல் கம்பிக்கிடையே கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அங்க ஒரு அறையில இருபது பேராம். வைக்க இடம் இருக்காது. நீயே வெச்சுக்கோ," என்று திருப்பித் தந்தாள். என் கணவர் பிளாட்பாரத்தில் சாயா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அதை வாங்கிக் குடித்தாள். குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம், "இவளைப் பார்த்துக்குங்க," என்றாள். வண்டி நகர்ந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வந்துவிடு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஐஸ் தண்ணீரில் வேலை, விரல் விரைத்துப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை என்று முதல் கடிதம். காய்ச்சல் வந்து இப்போது தேவலை என்று இரண்டாவது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நான் எழுதியவற்றுக்குப் பதிலும் இல்லை. என் கணவர் கம்பெனி விலாசத்துக்கு எழுதினார். அந்தக் காண்டிராக்டரைத் தேடி மட்டாஞ்சேரிக்கும் கும்பளங்கிக்கும் போனார். அவன் வேறு ஆட்களோடு வேறு எங்கோ போய்விட்டான் என்றார்கள். கூடப் போனவர்களில் திரும்பி வந்த ஒரு பெண், அக்கா ஆறு மாதத்திலேயே வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டதாகச் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாங்கள் எழுதிய கடைசிக் கடிதம் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. என் கணவர் கடை வாசலில் நின்று உறையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"நாம கூப்பிட்டிருந்தா வந்திருப்பாளோ?" என்று கேட்டார்.

"வந்திருக்கமாட்டா," என்றேன்.

படியில் ஒருவர் அரைக்கிலோ துவரம்பருப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் தராசை எடுத்தேன்.